தொண்டைக்குழி அறிந்த எங்கள் டாக்டரம்மாவுக்கு

விக்கி நின்ற வாயில்லா ஜீவன்களுக்கு வழி திறந்த வித்தகியே, விரல் நுனியில் விழி வைத்திருக்கும் வித்தைக்காரரே, பணி நிறைவு பெற்று இன்று இந்தக் கால்நடை ஆஸ்பத்திரியின் படியிறங்கும் எங்கள் டாக்டரம்மா அவர்களே, வணக்கம்.

மாலைக்கும் மடலுக்கும் மசிகிற ஆள் தாங்கள் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் சட்டம் அடித்துக் கண்ணாடியும் மாட்டியாகிவிட்டது. வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

எலும்பை முழுசாக விழுங்கித் திணறிய நாய்கள், தூண்டில் முள்ளோடு வந்த பூனைகள், காய்ந்த தீனியை அவசரமாக அள்ளித் தின்று மூக்கு வழியே ஒழுகவிட்ட குதிரைகள் எல்லாம் தங்களிடம் வந்தன. எண்ணெயும் குழாயுமாக ஓடிவந்தவர்களை மறித்து, "ஊத்தினா நுரையீரலுக்குப் போகும், குத்தினா உணவுக்குழாய் கிழியும். சும்மா நின்னாலே பாதி வைத்தியம்" என்று தாங்கள் சொன்னது இந்தச் சுவர்களுக்கே மனப்பாடம். எங்கள் தொண்டையையும் தாங்கள் விட்டுவைத்ததில்லை. மதியச் சாப்பாட்டில் தங்கள் எதிரே அமர்ந்து, மெல்லாமல் ஒரு வாய் விழுங்கிய துணிச்சல்காரர் எங்களில் எவரும் இல்லை.

தங்கள் பெருமை அத்தனையும் பேசினால் பந்தல்காரர் விளக்கை அணைத்துவிடுவார். ஆகவே ஒரே ஒரு சங்கதி.

முன் வரிசையில் அமர்ந்திருக்கிறாரே மளிகைக் கடை முதலாளி, அவருடைய பசுவுக்கு ஒரு முறை முழு பீட்ரூட் தொண்டையில் சிக்கியது. தாங்கள் கழுத்தின் இடப்பக்கம் தடவி, கட்டை விரல்களால் அதை மெல்ல மேலே தள்ளி, வாய்க்குள் கை விட்டு எடுத்தீர்கள். பக்கத்தில் நின்று பார்த்த முதலாளிக்கு, இதற்கா இவ்வளவு படிப்பு என்று தோன்றிவிட்டது. வேலையைச் சுலபமாகக் காட்டியது தங்கள் விரல்கள் செய்த ஒரே குற்றம்.

அடுத்த வருஷம் அதே பசு தீனி எடுக்காமல் எச்சில் ஒழுக நின்றது. முதலாளி தங்களைக் கூப்பிடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுத் தாமே கையை விட்டுத் துழாவினார். கிடைத்தது பல் கீறிய மணிக்கட்டு ஒன்றுதான். அதன் பிறகே தங்களுக்கு ஆள் அனுப்பினார்.

தாங்கள் வந்து, கையுறை போட்டுக் கழுத்தைத் தடவினீர்கள். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. அடைப்பு என்றால் உப்பியிருக்க வேண்டிய வயிறும் உப்பவில்லை. கத்தும்போது பசுவின் குரல் உடைந்திருந்தது. தாங்கள் வாய்ப்பக்கமே போகவில்லை.

"ஏம்மா, ஊர் நாய் வாயிலெல்லாம் கை விட்டீங்க. என் மாடுன்னா மட்டும் கூசுதோ?" என்றார் முதலாளி.

"இதுக்கு முன்னாடி யாராவது கை விட்டீங்களா?"

"நான்தான். பாதி வேலையை முடிச்சு வச்சிருக்கேன். தள்ளுபடி உண்டா?"

"தொண்டையில எதுவும் அடைக்கலைங்க. வெறிநோய்னு சந்தேகமா இருக்கு. கீறலை சோப்புப் போட்டு, தண்ணி ஓடவிட்டுக் கழுவுங்க. கழுவிட்டு என் வண்டியில ஏறுங்க, ஊசி போடணும்."

"இந்தக் கீறலுக்கா? நாளைக்குப் போறேன்."

"இப்ப."

"கடை இருக்கும்மா. சாயங்காலம்?"

"இப்ப."

பிறந்ததிலிருந்து சொன்ன விலைக்குப் படியாத மனிதர் அவர். அன்றும் படிந்திருக்க மாட்டார். அவர் மனைவிதான் கடையைப் பூட்டி, சாவியோடு வண்டியில் ஏறி உட்கார்ந்து, "வரீங்களா, நான் மட்டும் போய்க் குத்திக்கவா?" என்று கேட்டார்.

பசு பிழைக்கவில்லை. பரிசோதனை முடிவு வரும்வரை முதலாளி, "டாக்டரம்மா மாட்டுக்குப் பயந்துட்டாங்க" என்று கடைவீதி முழுக்கச் சொல்லித் திரிந்தார். தாங்கள் அதைக் கேட்டும், ஒவ்வொரு ஊசி நாளுக்கும் போன் போட்டு அவருக்கு நினைவூட்டினீர்கள். வெறிநோய்தான் என்று முடிவு வந்த அன்று அவர் கடையில் பேரமே நடக்கவில்லை. வந்தவர்கள் கேட்ட விலைக்கே சரக்குப் போனது.

ஆயிரம் தொண்டைகளில் கை விட்டதற்காகத் தங்களை ஊர் புகழ்கிறது. கை விடாமல் நின்ற அந்த ஒரு நாளுக்காக நாங்கள் வணங்குகிறோம்.

தாங்கள் நோய் நொடியின்றி, பசித்து, மென்று, ருசித்து நெடுங்காலம் வாழ வேண்டும்.

வெறிநோய் முற்றிய மனிதருக்கு ஒரு மிடறு தண்ணீரும் இறங்காது என்பார்கள். இன்று மேடைக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையை முதலாளி எங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். இம்மடலை வாசித்து முடித்ததும் முதல் தம்ளரைத் தங்களிடம் நீட்டுவார். இரண்டாவதை அவர் குடிப்பார். தாங்கள் வழக்கம்போல் அவர் தொண்டையைப் பாருங்கள்.

தங்கள் பார்வைக்குப் பயந்து இனியும் மென்றே தின்னும்,
ஆஸ்பத்திரி ஊழியர்கள்