இவனுக்குத்தான் வாயே வரல

...அதத்தாங்க நானும் கேக்குறேன்! ரெண்டரை வயசாச்சு, இன்னும் பேச்சு வரலன்னா பெத்தவளுக்கு எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டு வாண்டு இவனவிடச் சின்னது, அது எதிர்த்தே பேசுது! இவன் கையக் காட்டுறதோட சரி. இதுக்காகத்தான் இந்த டாக்டர் வாசல்ல தவம் கெடக்குறேன். குறை எங்கிட்டயா? எந்திரிச்சதுலேந்து இவன்கிட்ட நான் வாய மூடுறதே இல்ல. நீங்களே பாக்குறீங்களே!

என்ன, பேரா? அவன் எங்க சொல்லப்போறான்... குட்டான்னு கூப்புடுவோம். டேய், ஆன்ட்டி கேக்குறாங்கல்ல? "என் பேரு குட்டான்"னு சொல்லு. ம்ஹும். பாத்தீங்களா? சரி, தண்ணி வேணுமா? வேணும். இந்தா. மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிரும்ங்க எனக்கு. அவன் வாயத் தொறக்குறதுக்குள்ள கையில இருக்கும். அப்படி வளக்குறேன்!

போன தடவ டாக்டர் கேக்குறாரு, முன்னாடி பேசி நின்னுபோச்சான்னு. எங்க பேசினான்? குழந்தைங்க காப்பகத்துல விட்டிருந்தப்ப ஏதோ நாலு வார்த்த. அங்க ஒரு ஆயாம்மா, சரியான உம்மணாமூஞ்சி. இவன் "கா"ன்னா, அவளும் சன்னலப் பாத்து "ஆமா, காக்கா"ம்பா. அப்புறம் இவன் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. இதுக்குச் சம்பளம் வேற! ஒரு நாள் ஆபீஸ் முடிஞ்சு அரக்கப் பரக்க ஓடிப்போய்க் கைய நீட்டுறேன்... இந்தத் தொரை அவ கழுத்தக் கட்டிக்கிட்டு என்னப் பாத்து "போ"ங்குறான்! எனக்கா "போ"? அடுத்த நாளே நிறுத்திட்டேன். அவளக் கடைசியா ஒரு தடவ பாக்கக்கூட விடல. கொஞ்ச நாள் வாசலையே பாத்து அழுதான், அப்புறம் சரியாயிட்டான். அதுலேந்து சத்தமே இல்ல... அட, அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? ஏன் அப்படிப் பாக்குறீங்க?

உங்களக் கூப்புடுறாங்களா? போயிட்டு வாங்க... டேய், ஆன்ட்டி கைய விடு. விடுறா... என்ன சொன்ன?

ஏங்க... "இரு"ன்னானா? உங்களப் பாத்தா? நான் இங்க தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேன், சும்மா உக்காந்திருந்த உங்ககிட்டயா? உக்காருங்க. அட உக்காருங்கன்னா! டேய், இன்னொரு தடவ சொல்லு. "இரு ஆன்ட்டி." சொல்லு. "இரு ஆன்ட்டி." அதான் நானே சொல்லித் தரேனே, சொல்லேன்டா!

பாருங்க... மறுபடியும் மூடிக்கிட்டான்.