தண்டனைக்கு இரண்டு சொல்

மனைவி: ...கூண்டுப் புலி மாதிரி அலையாதீங்க. கையைத் தூக்குங்க, அங்கியை மாட்டிவிடுறேன்.

போதகர்: பிரசங்கம் இன்னும் எழுதி முடிக்கலம்மா. ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டேன்.

மனைவி: மணி அடிக்கப் போறாங்க. இப்பப் போய்ச் சொல்லா?

போதகர்: வேதத்துல ஆக்கினைன்னு வாசிக்கிறோமே... மூலக் கிரேக்கத்துல அது கொலாசிஸ்.

மனைவி: வாய்க்குள்ள நுழையல. என்ன அர்த்தம்?

போதகர்: தண்டனைதான். ஆனா அந்தச் சொல்லோட வேர் கிளை வெட்டுறதுல இருக்குன்னு சில பேர் சொல்றாங்க. மரம் நல்லா வளரட்டும்னு...

மனைவி: வெட்டுறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. மரத்தை யாரு கேட்டா?

போதகர்: கிண்டல் பண்ணாத. தண்டனைக்கு அவங்ககிட்ட இன்னொரு சொல்லும் இருந்துச்சு. திமோரியா.

மனைவி: ஒண்ணு போதாதா?

போதகர்: தப்பு பண்ணவன் திருந்தணும்னு கொடுத்தா கொலாசிஸ். கொடுக்கிறவன் மனசு ஆறணும்னு கொடுத்தா திமோரியா. கிரேக்க ஞானி ஒருத்தர் அப்படிப் பிரிச்சிருக்கார். பின்னால வந்தவங்க ரெண்டையும் கலந்துகட்டிட்டாங்க. அதான் குழப்பம்.

மனைவி: ம்... நம்ம பொண்ணுக்கு நீங்க கொடுத்தது எது?

போதகர்: இப்ப அவ பேச்சு எதுக்கு?

மனைவி: சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு, அப்பமும் ரசமும் வாங்க விடாம திருவிருந்துலேருந்து தள்ளி வெச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் வந்து பின்வரிசைல உக்காந்திருக்கா. எல்லாரும் அப்பம் வாங்குறதை வெறிச்சுப் பாத்துட்டுப் போவா. சொல்லுங்க, இது எந்தச் சொல்லு?

போதகர்: சபைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. மத்த பிள்ளைங்களுக்கு ஒரு சட்டம், என் பொண்ணுக்கு ஒரு சட்டமா?

மனைவி: சபை மூப்பர்களே போதும், விட்டுடலாம்னாங்க. நீங்கதான் ஒத்தக்கால்ல நின்னீங்க.

போதகர்: அதெல்லாம் இப்ப எதுக்கு? அந்தப் பைபிளை எடு.

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. அவ திருந்தினாளா?

போதகர்: திருந்த என்ன இருக்கு? நல்லாத்தானே குடும்பம் நடத்துறா.

மனைவி: அப்ப உங்க மனசு ஆறுச்சா?

போதகர்: ...இல்ல. பொத்தானைப் போடு, நேரமாகுது.

மனைவி: பொத்தான் இருக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேங்க.

போதகர்: வேண்டாம். சொல்லாத.

மனைவி: சொல்லித்தான் ஆகணும். ரெண்டு வருஷமா நானும் சாப்பிடல. நீங்க கையில வெக்கிற அப்பத்தைக் கைக்குட்டைல முடிஞ்சுக்குவேன். அவளுக்கு இல்லாதது எனக்குத் தொண்டைல எறங்கல.

போதகர்: தெரியும்.

மனைவி: தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?

போதகர்: கேட்டா நீ என்னைத் திருப்பிக் கேப்பியே... நானும் ரசக் கிண்ணத்தை உதட்டுல வெச்சு எடுத்துடுறேன். ஒரு சொட்டுகூட உள்ள போனதில்ல. மணி அடிச்சுட்டாங்க பாரு. போ, அவளை முன்வரிசைக்குக் கூட்டிட்டு வா... பசிக்குதும்மா.