லின் ஒப்புக்கொண்ட போல்ட்டுகள்

சீன லேத்தில் பெயிண்ட் மோசம். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பெட்டியைத் திறக்கும்போதே ஓரங்களில் உரிந்திருக்கும். கியர் பெட்டிக்குள் வார்ப்பு மணல் ஒட்டியிருக்கும். துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய கிரீஸ் அல்வா பதத்தில் இருக்கும்; மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவதற்குள் ஒரு பகல் போய்விடும். ஆனால் கழுவிய பிறகு பார்க்க வேண்டும். இயந்திரத்தின் படுகையை யாரோ கையாலேயே சுரண்டிச் சமன் செய்திருப்பார். பிறை பிறையாகத் தடம் தெரியும். அளவுமானியை வைத்தால் முள் அசையாது. பார்வைபடும் இடத்தில் அலட்சியம், படாத இடத்தில் சிரத்தை. எங்கள் அலுவலகத்தில் இதற்கு நேர்மாறு.

என் பெயர் ஸ்ரீகுமார். சென்னையில் மெக்கானிக்கல் படித்தேன். மாண்ட்ரியலில், சீன லேத்துகளை இறக்குமதி செய்து விற்கும் ஒரு நிறுவனத்தில் தர ஆய்வாளராக இருக்கிறேன். மேலாளர் மணிவாசகம் சார்தான் எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார். கார்ட்டியர்வில்லில் வீடு பார்த்துக் கொடுத்ததும் அவரே. ஒலிம்பிக்ஸுக்காக ஊரே எதையாவது கட்டிக்கொண்டிருந்த காலம். மலிவான லேத்துக்குக் கிராக்கி இருந்தது.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஒரு பொருளைப் பார்த்து, சரி என்று அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டால், அதற்குப் பிறகு பொறுப்பு அவருடையது. எனக்கு அந்த விதி பிடிக்கும். தெளிவானது.

என் மனைவி அனுசூயா எழுபத்து நான்கு ஜனவரியில் இறந்தாள். கருக்குழாயில் கரு தங்கி வெடித்துவிட்டது என்றார்கள். நான் அன்று வடக்கே ஒரு காகித ஆலையில் புது லேத்தை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றுவலி என்று அவள் காலையில் அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறாள். மணிவாசகம் சார் எடுத்தார். "ஒண்ணுமில்லம்மா, பனிக்குளிர்ல வாயு பிடிச்சிருக்கும். வெந்நீர் குடிச்சிட்டுப் படு. ஸ்ரீகுமார் வந்துடுவான்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு மாலையில்தான் சொன்னார். நான் வருவதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்ததும் என் தோளில் கை வைத்து, "மெஷின் ஓடினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்பா. உன் கவனம் கலையக் கூடாதில்ல?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. இப்போதும் இல்லை. பழுதுள்ள பாகத்தின் மேல் யாரும் கோபப்படுவதில்லை, கழற்றி எடுத்துவிடுவார்கள்.

மணிவாசகம் சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் வந்தால் லேத்தைத் தானே ஓட்டிக் காட்டுவார். டையைச் சட்டைக்குள் செருகிக்கொள்வார். நன்றாகத் தெரிய வேண்டும் என்று பாதுகாப்பு மூடியைக் கழற்றச் சொல்வார். பிறகு உச்ச வேகம். "சீனாக்காரன் செஞ்சான், மணிவாசகம் ஓட வச்சான்" என்பார். ஆங்கிலத்தில் சொன்னாலும் அதே இடத்தில்தான் சிரிப்பார். மூடியைக் கழற்றக் கூடாது என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். "நீ ஒரு பயந்தாங்கொள்ளிய்யா" என்பார்.

லேத்தில் இரும்புத் துண்டைக் கவ்விச் சுழலும் கனத்த வட்டத்துக்கு சக் என்று பெயர். இரண்டு பேர் தூக்க வேண்டும். அதை இயந்திரத்தோடு பிடித்து வைத்திருப்பவை சில போல்ட்டுகள். சீனத் தொழிற்சாலை போட்டு அனுப்பியவை அருமையானவை. சோதித்துப் பார்த்தேன், தேவைக்கு மேலேயே தாங்கின. அவற்றைக் கழற்றிவிட்டு, மட்டமான இரும்பில் நானே கடைந்த போல்ட்டுகளை மாட்டினேன். சீனப் போல்ட் மாதிரி தெரிய வேண்டுமே என்று கடைசலைக் கொஞ்சம் கரடுமுரடாக விட்டேன். அது அநியாயம். அவர்களுடையது வழவழவென்று இருந்தது. ஆனால் பார்க்கிறவர்கள் எதிர்பார்ப்பது கரடுமுரடைத்தான்.

அடுத்த வாரம் செர்ப்ரூக்கிலிருந்து இரண்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அவர்களை மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், பக்கவாட்டில் நிற்க வைத்தேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் கவனமானவன். மணிவாசகம் சார் டையைச் செருகிக்கொண்டார். மூடியை நான்தான் கழற்றிக் கொடுத்தேன்.

மணிவாசகம் சாரின் மரண விசாரணையில் தொழில்நுட்ப சாட்சி நானே. இரும்பு மட்டம் என்றேன். அது உண்மை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "சீனாவிலிருந்து வந்ததா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். எழுதுகிறவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தலையாட்டினார். சரளாக்கா, மணிவாசகம் சாரின் மனைவி, வாரம் ஒருமுறை எனக்கு ரசமும் பொரியலும் கொண்டுவர ஆரம்பித்தார். "நீயாவது ஒழுங்கா சாப்பிடு தம்பி. அந்தச் சீனாக்காரனுங்க விளங்குவானுங்களா?" என்பார். ரசத்தில் உப்பு கொஞ்சம் குறைவு என்று ஒருநாள் சொன்னேன். குறை சொல்ல ஓர் ஆள் இருப்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது போலும்.

பிறகு தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தலைவர். மற்றவர் லின், அங்கே சோதனைப் பிரிவில் இருப்பவர், என் வயதுதான். உடைந்த போல்ட்டை மேசைமேல் வைத்தேன். லின் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் மரையைத் தடவினார். என்னைப் பார்த்தார். தலைவர் அவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். லின் எழுந்து நின்றார். தப்பு நேர்ந்தால் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று ஒப்புக்கொள்வது அவர்கள் தொழிற்சாலையில் வழக்கம் என்று மொழிபெயர்ப்பாளர் விளக்கினார்.

உற்பத்தி இலக்கை எட்டும் அவசரத்தில் சோதனையில் கவனம் தவறியது தன் குற்றம் என்றார் லின். இயந்திரம் உங்கள் கையை விட்டுப் போய் மாதக்கணக்கில் ஆகிறதே என்று எங்கள் முதலாளி நாகரிகத்துக்காகச் சொன்னார்.

"எங்கே போனாலும் அது நாங்கள் செய்தது" என்றார் லின்.

அந்த வாக்கியத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நிர்வாக ரீதியாக அது சரியல்ல.

போலீஸ் என்னைத் தேடி வரவில்லை, இந்த ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்தேன். ஏன் இப்போது என்று நீங்கள் கேட்டீர்கள். போன மாதம் புது லேத்துகள் வந்தன. போல்ட்டுகள் முன்பைவிடத் தடிமன். நடக்காத பிழைக்குத் திருத்தம் செய்திருக்கிறார்கள். அவற்றுக்காக சக்கின் அமைப்பையும் மாற்றியிருக்கிறார்கள், சுழற்சியில் இப்போது லேசாக அதிர்வு வருகிறது. நல்ல வடிவமைப்பு வீணாகிவிட்டது. கூட வந்த பையன் புதியவன். லின் எங்கே என்று கேட்டேன். "விவசாயிகளிடம் கற்றுக்கொள்ளப் போயிருக்கிறார்" என்று சிரித்தபடி சொன்னான். தண்டனையாகக் கிராமத்து வயல் வேலைக்கு அனுப்புவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். எப்போது திரும்புவார் என்றதற்கு, சிரிப்பு மட்டும்தான் வந்தது.

அதனால்தான் வந்தேன். லின்னின் ஒப்புதலில் பிழை இருக்கிறது. தர ஆய்வாளராக அதை என்னால் அப்படியே விட முடியாது. போல்ட்டைக் கடைந்தது நான், மாட்டியது நான், மூடியைக் கழற்றியது நான். லின்னைத் தொழிற்சாலைக்குத் திரும்ப அழைக்கச் சொல்லி அவர்களுக்கு எழுதுங்கள். நீங்கள் எழுதினால் மதிப்பார்கள்.

மணிவாசகம் சார் விஷயத்தில் எனக்கு உறுத்தல் இல்லை. ஒருவர் தன்னிடம் ஒப்படைத்ததைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

முழுமைக்காக இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முக்கியமில்லை. அன்று காலை அனுசூயா முதலில் காகித ஆலைக்குத்தான் போன் செய்தாள். "ஏங்க, நிக்க முடியலைங்க" என்றாள். நான் எண்ணெய் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீசுக்குப் போன் பண்ணி மணிவாசகம் சாரிடம் சொல், அவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பொறுப்பு அவருடையது.