நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம்

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பதற்காக, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி டிக்கெட் எடுக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அன்று ராயபுரத்தில் இறங்காமல் திருவொற்றியூர் வரை போனேன். முன் இருக்கையில் ஒரு துறைமுகத் தொழிலாளியும், கம்ப்யூட்டர் படிக்கும் அவன் தோழனும்.

“கோயில் சுவத்தாண்ட நின்னு எடுத்த போட்டோல பதினோரு பேரு. நான் ப்ரோக்ராம் போட்ட மிஷினு நாலுன்னு எண்ணிச்சு, மாமு,” என்றான் தோழன்.

“இன்னாடா, அதுக்குக் கண்ணு கீதா இல்லியா?”

“போட்டோவக் கட்டம் கட்டமா பிரிச்சுக்கும். ஆளு கீற கட்டம் கறுப்பு, சுவரு வெள்ளை. ஒரு கறுப்புக் கட்டத்துல ஆரம்பிச்சு, பக்கத்துல ஒட்டிக்கினு கீற கறுப்புக்கெல்லாம் போய்க்கினே இருக்கும். வெள்ளை வந்தா நின்னுடும். அதுவரைக்கும் ஒரே ஆளு. தோள் ஒரசுனவங்கல்லாம் ஒண்ணாயிட்டாங்க.”

தொழிலாளி அவன் பக்கம் திரும்பினான்.

“நானும் ஸ்டெல்லாவும்?”

“வேற வேற. நடுவுல ஒரே ஒரு கட்டம் வெள்ளை. இந்தாண்ட நீயும் அவ அண்ணனும்தான் ஒரே ஆளு.”

“அந்த ஒரு கட்டத்தக் கறுப்பாக்கிடேன், நைனா. அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். மிஷினாச்சும் ஒரு தபா எங்கள ஒண்ணுன்னு சொல்லட்டும்.”

“அவ அண்ணனும் சேர்ந்து வருவான்டா.”

“வரட்டும்.”

வீட்டில் மனைவியிடம் இதை உருக்கமாகச் சொன்னேன்.

“மிஷினுக்குச் சொல்லி அனுப்பினது சரி,” என்றாள். “அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொன்னானாமா?”