மூணு மணிக்குள்ள

இறங்காதீங்க சார். சொல்றேன்ல. உங்களுக்கு நீச்சல் தெரியுமா தெரியாதான்னு நான் கேக்கவே இல்ல. நீச்சல் தெரியாதவன் பயந்துபோய் கரையிலயே நின்னுடுவான், தெரிஞ்சவனைத்தான் இந்தப் பாறை தூக்கி அடிக்கும். சட்டையை விட மாட்டேன். கிழிஞ்சா கிழியட்டும். திட்டுங்க, நல்லா திட்டுங்க, ஆனா இந்த மேட்டுக்கு வந்து நின்னு திட்டுங்க.

ஆங். அப்படி. இங்கேயே நில்லுங்க.

மோட்டார் போட்டு போயிருக்குல்ல. அந்த முனையைச் சுத்திப் போனதை நீங்களே பாத்தீங்கல்ல. மேடமும் பாப்பாவும் இந்தப் பாறைக்கு அந்தப் பக்கம்தான் இருக்காங்க. நடந்தா பாறையோட அடியை ஒட்டி நூறு அடி, அவ்வளவுதான். இப்ப அந்த நூறு அடி தண்ணிக்குள்ள கிடக்கு. போட்டு ரொம்ப வெளிய போய்ச் சுத்தித்தான் வரணும், கிட்ட போனா அலையே தூக்கிப் பாறை மேல வச்சிடும். போட்டுக்காரரு பத்து நிமிஷம்னு சொன்னாரு. சரி, பதினஞ்சுன்னு வச்சுக்கோங்க.

நம்மளை ஏன் ஏத்திக்கலைன்னா, திரும்பி வரும்போது இடம் வேணாமா. இடம் விட்டுட்டுப் போறவரு கூட்டிட்டு வரத்தானே போறாரு. நான் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு நிக்கிறேன். நீங்களும் அப்படியே நினைச்சுக்கோங்க.

அவரைப் பத்திக் கவலையே படாதீங்க. ரேடியோன்னு கூப்பிடுவோம். வாய் மூடாது. டீ குடிக்கும்போது கூட பேசிக்கிட்டே குடிப்பாரு, பாதி டீ சட்டையிலதான் போகும். இன்னைக்கு நான் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னதும், எத்தனை பேருன்னு மட்டும் கேட்டாரு. ரெண்டு, அதுல ஒண்ணு ஆறு வயசுன்னேன். வச்சிட்டாரு. அவரு அவ்வளவு கொஞ்சமா பேசி நான் கேட்டதே இல்ல.

இதை உங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாது. விடுங்க.

போன் போகாது சார். எத்தனை தடவை அடிச்சாலும் போகாது. பாறைக்கு அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. நேத்து மேடம்கிட்ட நான்தான் பெருமையடிச்சேன், அங்க போன் கூட அடிக்காது மேடம், அதுதான் அந்த இடத்தோட விசேஷம்னு. மேடம் உங்க ரூம் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு, அப்ப அதுதான் எங்களுக்கு வேணும்னு சிரிச்சாங்க. உள்ள நீங்க கம்ப்யூட்டர்ல யார்கிட்டயோ கத்திக்கிட்டு இருந்தீங்க. நீங்களும் இன்னைக்கு அவங்களோட போயிருந்தா...

இல்ல. அது என்ன பேச்சு. நான் பேசற பேச்சா அது. மன்னிச்சுக்கோங்க. எங்க அக்கா சொல்லும், உன் வாய்ல ஒரு பூட்டு மாட்டணும்டான்னு. அந்த நாலு ரூம் லாட்ஜை எங்க அக்காதான் நடத்துது. மாமா சமையல், நான் மத்ததெல்லாம்.

அந்தச் செருப்பு மேடத்தோடதுதான். அலை வந்து ஒண்ணை இழுத்துட்டுப் போச்சு, நான் போய் எடுத்தேன். இது பாப்பாவோடது, வாத்துப் படம் போட்டது. பயப்படாதீங்க, செருப்பை இங்க விட்டுட்டுப் போறதுதான் வழக்கம். பாறை வழுக்கும், வெறுங்கால்தான் பிடிக்கும். நான் வரைஞ்சு குடுத்த வழிப் படத்துலயே போட்டிருக்கேன், செருப்பைக் கழட்டி மேட்டுல வைக்கவும்னு. பாப்பா ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருந்திருக்கு. நல்ல புள்ள.

அந்தப் படத் தாளை வெளிய எடுக்காதீங்க, நனைஞ்சிடும். தெரியும் சார், என் கையெழுத்துதானே. மேடத்துக்கு ஒண்ணு குடுத்தேன், வேலை முடிஞ்சா நீங்களும் வந்து சேந்துக்கட்டும்னு உங்க கதவுக்கு அடியில ஒண்ணு தள்ளினேன். மூணு மணிக்குள்ள திரும்பிடணும்னு போட்டிருக்கு. இப்ப மணி ஒண்ணேகால்னு எனக்கும் தெரியுது.

தண்ணி இன்னைக்கு சீக்கிரம் ஏறிடுச்சு. கடல்தானே சார். நம்ம சொல்ற பேச்சைக் கேக்குமா.

உக்காருங்களேன். நான் உங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்துக்கிறேன்.

இப்படி ஒளிஞ்சு கிடக்கிற இடத்தை எப்படிக் கண்டுபிடிச்சேன்னு எல்லாரும் கேப்பாங்க. பதினொண்ணாவது பாதியில ஸ்கூலை விட்டுட்டேன். யாரும் துரத்தலை, நானாத்தான். பாடம் கூட ஏறும் சார். தப்புப் பண்ணா அதையே பத்து தடவை எழுதுன்னு நிக்க வைப்பாங்க பாருங்க, அதுதான் ஆகலை. ஒரு தடவை எழுதினதை இன்னொரு தடவை எழுதுன்னா எனக்கு உயிரே போயிடும். அதனால ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு ஊர் சுத்திக்கிட்டு இருந்தேன். பெரிய பீச்சைத்தான் வந்த அன்னைக்கே பாத்தீங்களே. கால் வைக்க இடமிருந்துச்சா? கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஐநூறு பேரு போட்டோ எடுக்கிறான், ஆளுக்கொரு ஸ்பீக்கர், குளிக்கப் போனவன் அடுத்தவன் துண்டைக் கட்டிக்கிட்டு வர்றான். எங்க லாட்ஜுல வர்றவங்க எல்லாம் ரெண்டாவது நாளே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, அமைதியா எதுவும் இல்லையான்னு கேப்பாங்க. நான் தேடினேன்.

ரோடு எங்கெல்லாம் கடலை விட்டு விலகுதோ அங்கெல்லாம் வண்டியைப் போட்டுட்டு இறங்கி நடப்பேன். முள்ளு, சேறு, கம்பி வேலி எல்லாம் பாத்தாச்சு. ஒரு நாய் கடிச்சு ஊசி கூடப் போட்டேன். அஞ்சு இடம் பிடிச்சேன். அஞ்சுக்கும் நான்தான் பேரு வச்சேன். ஒண்ணு பேரு சும்மா. அங்க செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல, நிழலும் மணலும்தான், சும்மா இருக்கலாம். இதுக்குப் பேரு பின்வாசல். வீட்டுக்குள்ள கூட்டமா இருக்கும்போது பின்வாசல் வழியா நழுவிப் போவோம்ல, அந்த மாதிரி. பாறையைத் தாண்டின உடனே சத்தமெல்லாம் நின்னுடும் சார். யாரோ காதைப் பொத்தினாப்ல. முதல் தடவை நான் அங்கேயே தூங்கிட்டேன்.

ரேடியோ அண்ணன்கிட்ட வந்து குதிச்சேன், ஆளே இல்லாத இடம் ஒண்ணு பிடிச்சிட்டேன்னு. அவரு சிரிக்கலை. ஏன் ஆளே இல்லன்னு யோசிச்சியாடான்னு கேட்டாரு.

இல்ல, ஆபத்தான இடமெல்லாம் இல்ல. அப்படிச் சொல்லலை. தண்ணி இறங்கி இருக்கும்போது தொட்டில் மாதிரி இருக்கும், பாப்பா முட்டிக்கு மேல நனையாது. ஏறும்போதுதான் இந்த வழி அடைச்சுக்கும். அப்ப மணலும் சுருங்கி ஒரு கட்டில் அகலம்தான் மிஞ்சும். இந்த வாரம் பெரிய தண்ணின்னு போட்டை எடுக்கும்போது சொன்னாரு. பெரிய தண்ணின்னா அந்தக் கட்டில் அகலமும் இருக்குமான்னு எனக்குத் தெரியலை. பின்னாடி ஆள் உயரத்துக்கு ஒரு பாறைத் திட்டு இருக்கு, அதுல ஏறிட்டா தொடாது.

படத்துல திட்டு இல்ல. வேப்பமரம் போட்டேன், செருப்பு வைக்கிற இடம் போட்டேன், நண்டுப் பொந்து கூடப் போட்டேன், பாப்பாவுக்குப் பிடிக்குமேன்னு. திட்டைப் போடலை. ஆனா சின்னப் புள்ளைங்க எதைப் பாத்தாலும் ஏறும்ல? எங்க லாட்ஜுல ரெண்டு நாளா தண்ணித் தொட்டி மேல ஏறாதன்னு எத்தனை தடவை இறக்கி விட்டேன். ஏறியிருக்கும். மேடத்தையும் இழுத்து ஏத்தியிருக்கும்.

எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னா, மொட்டை மாடியில பெட்ஷீட் காயப்போடப் போனேன். அங்கேருந்து இந்தப் பாறையோட நுனி தெரியும். நடுவுல பட்டையா ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், பறவை எச்சம். கோட்டைக் காணோம். முதல்ல யாரோ கழுவிட்டாங்கன்னு நினைச்சேன் சார், சத்தியமா. பாறையை எவன் கழுவுவான். அப்புறம்தான் பெட்ஷீட்டைப் போட்டுட்டு ஓடி வந்து உங்க கதவை உதைச்சேன். நீங்க ஒரு நிமிஷம்னு விரலைக் காட்டினீங்க. அந்த விரலை நீங்க மறந்துடுங்க. உங்களுக்கு என்ன தெரியும், நானும்தான் அது வரைக்கும் பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

காலைல மேடம் கிளம்பினது பத்து மணி. கணுக்கால் தண்ணிதான் இருந்திருக்கும். பாப்பா என் கையைப் பிடிச்சு இழுத்துச்சு, மேப் அண்ணா, நீங்களும் வாங்க, நண்டு காட்டுங்கன்னு. ரூம் பெருக்கணும், போன்னு சொல்லிட்டேன். பெருக்கவும் இல்ல.

போன வாரம்... இல்ல, முந்தாநாள்தான். ஒரு ஜோடி என் படத்தை எடுத்துக்கிட்டு பதினோரு மணிக்கு இங்க வந்திருக்காங்க. திரும்பி வந்து லாட்ஜு வாசல்லயே திட்டினாங்க, உன் படத்துல வழின்னு போட்டிருக்க, அங்க வெறும் தண்ணிதான் இருக்குன்னு. தப்பான பாறைக்குப் போயிருப்பாங்கன்னு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். மாமாகிட்ட நடிச்சுக் காட்டினேன், அந்த அண்ணன் பேன்ட்டை மடிச்சுக்கிட்டு நின்னதை. அவங்க சரியான பாறைக்குத்தான் வந்திருக்காங்க.

இருங்க. சத்தம். என்ஜின் சத்தம் கேக்குதா? அலை இல்ல, என்ஜின்தான். அங்க, முனையில. நிக்கிறது ரேடியோ. முன்னாடி உக்காந்திருக்கிறது ஒருத்தர், ஆரஞ்சு ஜாக்கெட். மேடம்தான் சார், முடி பறக்குது பாருங்க. மேடம்தான்.

பாப்பா தெரியாது. சின்னப் புள்ள உக்காந்தா போட்டு ஓரத்துக்கு மேல தலை வராது. மடியில இருக்கும். மேடம் குனிஞ்சுதானே இருக்காங்க, மடியில ஏதோ இருந்தாத்தானே அப்படிக் குனிவாங்க. ரேடியோ கையாட்டலைன்னா, என்ஜினைப் பிடிச்சிருக்காரு, எப்படி ஆட்டுவாரு. இறங்காதீங்க. இங்க வராது, அந்தப் படகுத் துறைக்குத்தான் போகும். சுத்திப் போய்ச் சேர அஞ்சு நிமிஷம், நம்ம ஓடினா ரெண்டு நிமிஷம். ஓடலாம். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு ஓடலாம்.

இப்பச் சொன்னாத்தான் சார் உண்டு. பாப்பா சிரிச்சுக்கிட்டு இறங்கிடுச்சுன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். இறங்கலைன்னா சொல்லவே முடியாது.

தண்ணி சீக்கிரம் ஏறிடுச்சுன்னு சொன்னேன்ல. ஏறலை. அது அதோட நேரத்துக்குத்தான் ஏறுச்சு. அந்தத் தாளைப் பாருங்க. மூணுக்குப் பக்கத்துல பேனா கசிஞ்சு ஒரு கறை இருக்கா? மேடம்கிட்ட இருக்கிற தாள்லயும் அதே இடத்துல அதே கறை இருக்கும். லாட்ஜு மேஜையில இன்னும் முப்பது தாள் இருக்கு, எல்லாத்துலயும் இருக்கும். ஜெராக்ஸ் சார். பத்து நாளைக்கு முன்னாடி எழுதினதை நாப்பது காப்பி எடுத்து வச்சுக்கிட்டேன். தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ஏறுற நேரம் தினமும் முக்கா மணி, ஒரு மணின்னு தள்ளித் தள்ளிப் போகும். அந்த மூணு அன்னைக்கு மூணு. அப்ப நடு ராத்திரிக்கு மேல ஏறினது தள்ளித் தள்ளி இப்ப பகலுக்கு வந்திடுச்சு, இன்னைக்கு அங்க காலைல பதினொண்ணுன்னு இருந்திருக்கணும்.

எங்க அக்கா இந்தப் படம் குடுக்கிற வேலையை என்கிட்ட விட்டப்ப சொன்னது ஒண்ணுதான். தினமும் காலைல ரேடியோ அண்ணன் ஷெட்டுக்குப் போ, இன்னைக்கு எத்தனை மணிக்குள்ள திரும்பணும்னு கேளு, ஒவ்வொரு தாள்லயும் உன் கையால எழுதிக் குடு. எங்க வாசல்லேருந்து நாப்பது எட்டு வச்சா ஷெட்டு. அவரும் தினமும் அங்கதான் உக்காந்திருப்பாரு, டீயைச் சட்டையில ஊத்திக்கிட்டு.

பத்து நாளா நான் போகலை.