கேஸை அடைத்த பிள்ளை

1996 மார்ச் 12, செவ்வாய். வழக்கம்போல் மெர்லிமாவில் ஆறே முக்கால் பஸ் ஏறி மலாக்காவுக்கு வேலைக்குப் போனேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"உங்க மக என் பாப்பாவைக் காப்பாத்துனதுல எனக்குத்தான் அவமானம் அண்ணி."

"ஆட்டிசம்னு டாக்டர் சொன்ன பிள்ளைடி அவ. அடுத்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டா. கேஸ் கசியிற சத்தம் கேட்டு உள்ள போய் அடைச்சிட்டு, தொட்டில்லேருந்து தூக்கிட்டு வந்திருக்கா. 'எனக்குப் பாப்பா தூக்கத் தெரியுது'ன்னு அவளே அதிசயமா சொல்லிக்கிட்டிருக்கா."

"என் பெரியவனும் வீட்லதானே இருந்தான்!"

"டிவி பாத்துக்கிட்டுலா."

"ஸ்கூல்ல பரிசு கொடுக்குறாங்களாம். அவனும் சேர்ந்துதான் அடைச்சான்னு சொல்லச் சொல்லுங்களேன்."

"நான் வேணா சொல்றேன். அவளுக்குப் பொய் வராதே!"

மறுநாள் காலை முதல் வேலையாக, வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் என் மகனை எழுப்பி, கேஸை அடைக்கத் தெரியுமா என்று கேட்டேன்.