யாரிடமிருந்து வந்தது என்று கேட்காத மருத்துவருக்கு

நோயைக் கண்டு நெஞ்சம் நடுங்காதவரே! நோயாளியைக் கண்டு நெற்றி சுருங்காதவரே! முப்பத்தோர் ஆண்டுகள் மழை வெள்ளத்திலும் மோட்டார்ப் படகேறி, ஆற்றோர ஊர்ப் பெண்களைத் தேடிச் சென்ற மருத்துவர் ஆர்லிந்தா பினேடோ அவர்களே! இக்கிட்டோஸ் நகரில் உங்களோடு பணிசெய்த நாங்கள் அன்போடு வணங்குகிறோம்.

உங்கள் பட்டங்களையும் பதவிகளையும் இந்தப் பணிநிறைவு விழாவில் மருத்துவமனை இயக்குநர் சொல்லிவிட்டார். நாங்கள் ஒரே ஒரு நாளைச் சொல்கிறோம். அதில் வருகிறவர்கள் பெயர் சொல்ல அனுமதித்திருக்கிறார்கள். "என் பேர விட்டுட்டா சண்டைக்கு வருவேன்" என்று ஒருவர் எச்சரித்தும் இருக்கிறார்.

நில்டா தாப்புலிமாவின் சோதனையில் பாப்பிலோமா வைரஸ் தெரிந்தது. கருப்பை வாயில் திசு மாறத் தொடங்கியிருந்தது. உடனே சுட்டு அகற்றினால் அதோடு முடியும், விட்டுவைத்தால் புற்றாகலாம். தொலைபேசி எட்டாத ஊருக்கு வழக்கம்போல் விடியற்கால வானொலியில் சேதி சொல்லச் சொன்னோம். "நில்டா மருத்துவமனைக்கு வரவும்" என்று மட்டுமே எழுதிக் கொடுத்தோம். அறிவிப்பாளர் நல்ல மனசுக்காரர். அவராகவே, "பொம்பளைங்களுக்கு வர்ற அந்த வைரஸ் சமாச்சாரம்தான் தாயி, அசட்டையா இருந்துடாதே" என்று சேர்த்துவிட்டார். ஆற்றோர ஊர்கள் முழுக்கக் கேட்டது. நில்டா வரவில்லை. வாரங்கள் போயின.

நீங்கள் படகு கேட்டீர்கள். எங்களில் இருவர் உடன் வந்தோம். மரக்கால்கள் மேல் நின்ற அந்த வீட்டின் கீழே, நில்டாவின் கணவர் வில்டர் முதுகைக் காட்டியபடி வலை பின்னிக்கொண்டிருந்தார். ஏணி உச்சியில் மாமியார் எர்மெலிந்தா வழிமறித்து நின்றார்.

"ஊரே சிரிக்குது டாக்டரம்மா! எனக்குந்தான் வயித்துல கட்டி வந்துச்சு. அது என் சொந்த ரத்தத்துல வளந்தது. கௌரவமான கட்டி! இவளுக்கு வந்தது எவன் குடுத்ததுன்னு கேளுங்க!"

"கட்டிக்குக் கௌரவம் தெரியாது தாயி. உங்களோடது உடம்புல ஊறுற ஹார்மோனக் குடிச்சு வளந்துது. மாதவிலக்கு நின்னதும் சுருங்கிப்போச்சு. இவளோடது வைரஸ். படுக்கையப் பகிர்ந்துக்கிட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒருதடவையாவது வந்துட்டுப் போறது. சிலருக்குத்தான் போகாம தங்கிடும்."

வில்டரின் கை நின்றது. "யார்கிட்டேருந்து வந்துச்சு?"

"தெரியாது தம்பி. நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கறதுக்கு முன்னாடியே வந்திருக்கலாம். உன்கிட்டேருந்தும் வந்திருக்கலாம். அதச் சொல்ற சோதனை என்கிட்ட இல்ல. இவளக் காப்பாத்துற சிகிச்சை இருக்கு."

உள்ளிருந்து நில்டாவின் குரல் வந்தது. "அவரு வான்னு சொன்னாத்தான் வருவேன் டாக்டரம்மா. பொழச்சு வந்தாலும் இந்த வீட்டுல எனக்கு வேற யாரு இருக்கா?"

வில்டர் மறுபடி வலையைப் பின்னத் தொடங்கினார். படகோட்டி சாய்ந்த வெயிலைப் பார்த்தார். திரும்பிப் போக வேண்டியதுதான் என்றே நாங்கள் நினைத்தோம்.

அப்போது நீங்கள் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தீர்கள். "எனக்கும் இதே வைரஸ் இருந்துச்சு. முப்பத்தினாலு வயசுல. என் வீட்டுக்காரரும் இதே கேள்வியத்தான் கேட்டாரு. பதில் தெரியாமயே என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. அதனாலதான் இன்னிக்கு இங்க உக்காந்திருக்கேன்."

இத்தனை காலம் உடனிருந்த எங்களுக்கே தெரியாத செய்தி அது.

"நீங்களா?" எர்மெலிந்தா வாயைப் பிளந்தார். "கன்னியாஸ்திரி மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு!"

முதலில் சிரித்தது நீங்கள்தான். வில்டர் வலையைக் கீழே போட்டார். "வந்து படகுல ஏறு நில்டா. இருட்டுறதுக்குள்ள போயிடலாம்" என்றவர், படகு வரை மனைவியின் கையை விடவில்லை. மருமகளைக் கண்காணிக்கவென்று மாமியாரும் ஏறிக்கொண்டார்.

அகற்றிய திசு ஆய்வுக்குப் போனது. ஆழமாக இறங்கியிருக்குமோ என்று காத்திருந்த நாள்களில் வில்டர் மருத்துவமனை வாசலை விட்டு நகரவில்லை. இறங்கவில்லை என்று பதில் வந்தது. அதற்கிடையே, வந்த கையோடு எர்மெலிந்தாவையும் சோதித்திருந்தீர்கள். அவருக்கும் அதே வைரஸ். கதவைச் சாத்தி, அருகில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னீர்கள். வெளியே வந்தவர் மருமகள் அமர்ந்திருந்த பெஞ்சின் முன் வெகுநேரம் நின்றார்.

"கொஞ்சம் நகரு. எனக்கும் இடம் விடு."

நில்டா நகர்ந்தார். இருவரும் தோள் உரசி உட்கார்ந்தார்கள். எவரும் எவரையும் எதுவும் கேட்கவில்லை.

அம்மையீர்! உங்கள் கணவர் கைபிடிக்க, நல்ல மீனும் சுட்ட வாழைக்காயும் பசித்து உண்ண, நோயற்று நெடுநாள் வாழ்க! நாளை காலை எங்கள் கதவைத் தட்டப்போகும் பெண்ணிடம் வலிக்கிறதா என்று கேட்போம், பயமாக இருக்கிறதா என்று கேட்போம். யாரிடமிருந்து வந்தது என்று மட்டும் கேட்க மாட்டோம்.

நன்றியுடன்,
மகளிர் நலப் பிரிவின் செவிலியர், ஆய்வகத்தார், படகோட்டிகள்
இக்கிட்டோஸ்